பழைய கன்சோல் கேம் வீடியோவில் பின்னணி, கதாபாத்திரம், ஸ்கோர் பட்டை ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்தெடுப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஒருவர் சூப்பர் நின்டெண்டோ கேம்களை கேப்சர் கார்டு வழியாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார். எடிட்டிங்கில் பின்னணியை மட்டும் மங்கலாக்க வேண்டும், மலைகளுக்கு ஆழம் கொடுக்க வேண்டும், மேலே இருக்கும் ஸ்கோர் பட்டையை எடுத்துவிட வேண்டும். “கேமே லேயர் லேயராகத்தானே வரைகிறது? அதே லேயர்களைத் தனித்தனி வீடியோவாக வாங்க முடியாதா?” என்று கேட்கிறார்.

வாங்கலாம். ஆனால் கேப்சர் கார்டிலிருந்து வாங்க முடியாது. காம்போசிட்டோ, எஸ்-வீடியோவோ, ஆர்ஜிபியோ, கன்சோலின் வீடியோ அவுட்டில் வருவது ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு முடிவான நிறம்தான். அந்தப் புள்ளி மரியோவின் தொப்பியா, பின்னால் நிற்கும் மலையா என்ற விவரம் சிப்புக்குள்ளேயே தொலைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு லேயர் கேட்பது, அரைத்த தோசை மாவிலிருந்து உளுந்தை மட்டும் பொறுக்கித் தரச் சொல்வது மாதிரி. பிரிப்பதை அதற்கு முன்பே, எமுலேட்டருக்குள், அதாவது பழைய கன்சோலைப் போலவே நடந்து கேமைக் கணினியில் ஓட்டும் மென்பொருளுக்குள், செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேயரை அணைத்துப் பதிவு செய்வது சுலபமான பகுதி. நீங்கள் லேயர் என்று மனதில் வைத்திருப்பதும் கன்சோல் லேயர் என்று வைத்திருப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. நேரம் முழுவதும் அங்கேதான் போகும். உங்கள் கண்ணுக்கு வானம், மலை, தரை, ஆள், ஸ்கோர் என்று ஐந்து இருக்கும். வன்பொருளில் அது மூன்றாக இருக்கலாம். அந்த மூன்றும் நீங்கள் நினைத்த இடத்தில் வெட்டுப்படாமலும் இருக்கலாம்.

சூப்பர் நின்டெண்டோவில் படம் போடுவது பிபியு என்ற சிப். அது இரண்டு துண்டாக இருக்கும். அதனிடம் 64 கேபி வீடியோ நினைவகம் இருக்கிறது. 8-க்கு 8 புள்ளி டைல்களை அடுக்கி அதிகபட்சம் நான்கு பின்னணி லேயர்களை அது வரையும். அவற்றோடு 128 ஸ்ப்ரைட்டுகள், அதாவது பின்னணியைச் சாராமல் தனியே நகரும் சின்னப் படங்கள். எத்தனை லேயர், ஒவ்வொன்றிலும் எத்தனை நிறம் என்பதெல்லாம் மோடைப் பொறுத்தது. கேம்கள் அதிகம் பயன்படுத்தியது மோட் 1: 16 நிற டைல்கள் கொண்ட லேயர் இரண்டு, 4 நிற டைல்கள் கொண்ட லேயர் ஒன்று. மோட் 7-இல் ஒரே லேயர்தான், ஆனால் அதைச் சுழற்றலாம், பெரிதாக்கலாம். இவை எதுவும் மூடாத இடத்தில் அடியிலிருந்து தெரிவது பேக்டிராப் என்ற ஒற்றை நிறம்.

எமுலேட்டர் இதையெல்லாம் மென்பொருளில் செய்வதால், கடைசிக் கூட்டலில் எந்த லேயரைச் சேர்ப்பது, எதை விடுவது என்று நாம் சொல்ல முடியும். விண்டோஸில் ஓடும் ஸ்னெஸ்9எக்ஸ் எமுலேட்டரில் 1 முதல் 4 வரையுள்ள எண் விசைகள் பின்னணி லேயர்களையும், 5 ஸ்ப்ரைட்டுகளையும் அணைத்துப் போடும். பல எமுலேட்டர்களை ஒன்றாக வைத்திருக்கும் ரெட்ரோஆர்ச்சில் ஸ்னெஸ்9எக்ஸ் கோர் (உள்ளே செருகும் எமுலேட்டர்) பயன்படுத்தினால் அதே வசதி கோர் ஆப்ஷனில் இருக்கிறது. இன்றைக்கே சும்மா திறந்து அழுத்திப் பாருங்கள். உங்கள் கேமில் எது எங்கே இருக்கிறது என்பது ஐந்து விசையில் தெரிந்துவிடும். திட்டம் போடுவதற்கு முன் நான் எல்லோரையும் செய்யச் சொல்வது இதைத்தான்.

அணைப்பது சரி, ஒரே ஆட்டத்தை எல்லா லேயர்களுக்கும் எப்படிப் பதிவு செய்வது? ஒருமுறை லேயர் 1-ஐ மட்டும் வைத்து விளையாடி, மறுபடி லேயர் 2-ஐ மட்டும் வைத்து விளையாடினால் இரண்டும் ஒருநாளும் பொருந்தாது. இதற்கான பதில் டூல் அசிஸ்டெட் ஸ்பீட்ரன் ஆட்களிடமிருந்து, அதாவது எமுலேட்டரின் வசதிகளை வைத்து ஃப்ரேம் ஃப்ரேமாக விசை அழுத்தி கேமை மிக வேகமாக முடிப்பவர்களிடமிருந்து, வந்தது. அவர்கள் வீடியோவைப் பதிவு செய்வதில்லை, விசைகளைப் பதிவு செய்கிறார்கள். எந்த ஃப்ரேமில் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பது மட்டும் ஒரு சின்னக் கோப்பில் இருக்கும். எமுலேட்டர் கணிதம்போல ஓடுவது. அதே ரோம் (கேம் கோப்பு), அதே தொடக்க நிலை, அதே விசைகள் கொடுத்தால் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரு புள்ளி மாறாமல் அதே ஆட்டம் வரும். எதிரி தற்செயலாகக் குதிப்பதுகூட அதே இடத்தில்தான் நடக்கும்.

ஆகவே வேலை முறை இப்படி ஆகிறது. எல்லா லேயரும் தெரியும்படி வைத்து ஒருமுறை ஒழுங்காக விளையாடுங்கள், விசைப் பதிவு ஓடட்டும். பிறகு அந்தப் பதிவை முதலிலிருந்து ஓட்டி, எமுலேட்டரே ஒவ்வொரு ஃப்ரேமையும் கோப்பில் எழுதும் வீடியோ டம்ப் வசதியில் முழுப் படத்தை ஒருமுறை எடுங்கள். அடுத்து ஒரு லேயரைத் தவிர மற்றதை அணைத்துவிட்டு மறுபடி அதே பதிவை ஓட்டுங்கள். லேயருக்கு ஒரு ஓட்டம். டம்ப் செய்யும்போது எமுலேட்டர் உண்மை வேகத்தில் ஓட வேண்டியதில்லை. வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் கணினியால் முடிந்த வேகத்தில் முடித்துவிடும். நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டியதும் இல்லை.

இதற்கு நான் சொல்வது பிஸ்ஹாக் எமுலேட்டர். விசைப் பதிவு, டம்ப், லேயர் அணைப்பு மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன, பல கன்சோல்களுக்கும் சேர்த்து. அதில் பிஎஸ்னெஸ் கோரைத் தேர்ந்தெடுத்தால் லேயரை மட்டுமல்ல, அந்த லேயரின் முன்னுரிமை மட்டங்களையும் தனித்தனியாக அணைக்கலாம். பிஎஸ்னெஸ்-பிளஸ் என்ற டீபக் பதிப்பிலும் அந்த வசதி இருக்கிறது. ஒரு கண்டிப்பு: விசைப் பதிவை எந்தப் பதிப்பில், எந்தக் கோரில் எடுத்தீர்களோ அதே பதிப்பில் அதே கோரில்தான் எல்லா ஓட்டமும். நடுவில் எமுலேட்டரை அப்டேட் செய்தால் மரியோ எங்காவது சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார்.

முன்னுரிமை மட்டம் என்றால் என்ன என்பதை ஒரு குழாயை வைத்துச் சொல்கிறேன். சூப்பர் மரியோ வேர்ல்டில் மரியோ பச்சைக் குழாய்க்குள் இறங்குகிறார். அப்போது அவர் குழாய்க்குப் பின்னால் மறைகிறார். ஆனால் நடக்கும்போது தரைக்கு முன்னால்தானே தெரிந்தார்? குழாயும் தரையும் ஒரே லேயர். இது எப்படி நடக்கிறதென்றால், பின்னணியின் ஒவ்வொரு டைலுக்கும் முன்னுரிமை பிட் ஒன்று உண்டு, ஸ்ப்ரைட்டுக்கு 0 முதல் 3 வரை நான்கு மட்டங்கள் உண்டு. மோட் 1-இல் இவையெல்லாம் ஒன்றின் இடுக்கில் ஒன்றாகச் செருகப்பட்டிருக்கும்: மேலே மூன்றாம் மட்ட ஸ்ப்ரைட், அதற்குக் கீழே முதல் இரண்டு லேயர்களின் உயர்ந்த டைல்கள், பிறகு இரண்டாம் மட்ட ஸ்ப்ரைட், பிறகு தாழ்ந்த டைல்கள் என்று போகும். நீங்கள் ஸ்ப்ரைட்டுகளை மொத்தமாக ஒரே வீடியோவாக எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தால், மரியோ குழாய்க்குள் போகாமல் குழாயின் முன்பக்கத்தில் வழுக்கிக்கொண்டு இறங்குவார். ஆகவே ஸ்ப்ரைட்டுகளை மட்டம் வாரியாக எடுங்கள், டைல்களையும் உயர்ந்தது, தாழ்ந்தது என்று இரண்டாக எடுங்கள். ஓட்டங்கள் கூடும். ஓடுவது கணினிதானே, கூடட்டும்.

இந்தக் கேமையே கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பெரும்பாலான கேம்களில் வரும் சிக்கல்கள் இதன் முதல் சில லெவல்களிலேயே கிடைத்துவிடுகின்றன. தரை, செங்கல், குழாய் எல்லாம் லேயர் 1. பின்னால் இருக்கும் குன்றுகள் லேயர் 2. ஸ்கோர், நேரம், காசு எண்ணிக்கை எல்லாம் லேயர் 3. ஆட்களும் எதிரிகளும் ஸ்ப்ரைட். அழகாகத்தான் இருக்கிறது. ஸ்கோர் பட்டையை நீக்க லேயர் 3-ஐ அணைக்கிறீர்கள். பட்டை போய்விட்டது, ஆனால் நடுவில் ஒரு காளான் மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது. சேமித்து வைத்த பொருளின் பெட்டி லேயர் 3-இல் இருக்கிறது, பெட்டிக்குள் இருக்கும் பொருளோ ஸ்ப்ரைட். அதைத் தனியாக மாஸ்க் (அந்த இடத்தை மட்டும் மறைக்கும் வெட்டு) போட்டுத்தான் எடுக்க வேண்டும். அது திரையில் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பது நம் அதிர்ஷ்டம். இன்னொன்று: நீர் உள்ள சில லெவல்களில் அலையும் லேயர் 3-தான். பட்டையின் கீழ்க்கோட்டில் ஸ்க்ரோல் மதிப்பை மாற்றி ஒரே லேயரை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறார்கள். அந்த லெவலில் ஸ்கோரை அணைத்தால் கடலும் வற்றிவிடும்.

இப்போது வெளிப்படைத்தன்மை. டம்ப் செய்த வீடியோவில் ஆல்ஃபா சேனல், அதாவது எந்தப் புள்ளி வெளிப்படையானது என்ற தகவல், இருக்காது. லேயர் 1-ஐ மட்டும் தெரிய வைத்தால் தரையும் குழாயும் வானநீலத்தின் மேல் வரும். வானத்தை எடிட்டரில் கீ செய்யலாம், அதாவது அந்த நிறத்தை மட்டும் நீக்கிவிடலாம் என்றால், அதே நீலம் ஏதாவது ஒரு டைலிலும் இருந்து அங்கே ஓட்டை விழும். வழக்கமாகச் சொல்லப்படும் வழி, நிறத் தட்டின் 0-ஆவது நிறத்தை ஸ்கிரிப்ட் மூலம் ஒவ்வொரு ஃப்ரேமிலும் மஜெந்தாவாக மாற்றிவிடுவது. சூப்பர் நின்டெண்டோவில் பேக்டிராப் எப்போதும் அந்த 0-ஆவது நிறம்தான். மொத்தம் 32,768 நிறங்கள் இருக்கும்போது கேம் தொடாத ஒன்றைக் கண்டுபிடிப்பதும் சிரமமில்லை. பல கேம்களில் இது வேலை செய்யும்.

சூப்பர் மரியோ வேர்ல்டில் செய்து பாருங்கள், குன்றுகளெல்லாம் ரோஸ் நிறமாகிவிடும். காரணம், இந்தக் கேமின் சாதாரண லெவல்களில் குன்று லேயர் முதன்மைத் திரையில் இல்லவே இல்லை. சூப்பர் நின்டெண்டோ ஒரே நேரத்தில் இரண்டு திரைகளை வரையும், முதன்மைத் திரை ஒன்று, துணைத் திரை ஒன்று. பிறகு இரண்டையும் நிறக் கணக்கில் கூட்டியோ கழித்தோ காட்டும். இங்கே முதன்மைத் திரையில் லேயர் 1, 3, ஸ்ப்ரைட்டுகள். துணைத் திரையில் குன்று. பேக்டிராப் கறுப்பு. கறுப்பின்மேல் குன்றைக் கூட்டினால் குன்று அப்படியே தெரிகிறது. குன்றும் இல்லாத இடத்தில், 2132 என்ற ரெஜிஸ்டரில் (சிப்பின் அமைப்பு மதிப்பை வைக்கும் இடம்) எழுதிய நிலையான நிறம் கூட்டப்படுகிறது. நாம் பார்க்கும் வானம் அதுதான். கறுப்பை மஜெந்தா ஆக்கினால் குன்று, வானம் எல்லாவற்றோடும் மஜெந்தா கூடிவிடுகிறது.

ஆகவே இங்கே மாற்ற வேண்டியது அந்த நிலையான நிறத்தை. கேம் அதை வேலை நினைவகத்தில் ஹெக்ஸ் 0701 என்ற இடத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஃப்ரேமிலும் சிப்புக்கு அனுப்புகிறது. ஒரு சின்ன லுவா ஸ்கிரிப்ட் அந்த இரண்டு பைட்டுகளில் நீங்கள் விரும்பும் நிறத்தை எழுதிக்கொண்டே இருந்தால் போதும். வானம் மட்டும் மாறும், ஆட்டத்தின் ஓட்டம் மாறாது.

கீ நிறத்தைத் தேடி அலைவதைவிட எனக்குப் பிடித்தது இரண்டு வான முறை. ஒவ்வொரு லேயரையும் இரண்டு முறை டம்ப் செய்யுங்கள், ஒருமுறை வானம் பச்சை, மறுமுறை மஜெந்தா. இரண்டு வீடியோவிலும் ஒரே நிறமாக இருக்கும் புள்ளி லேயருக்குச் சொந்தம். மாறிய புள்ளி வானம். இப்படிச் செய்தால் கேம் அந்தப் பச்சையைப் பயன்படுத்துகிறதா என்ற கவலையே இல்லை. புள்ளிக்குப் புள்ளி துல்லியமான மாஸ்க் கிடைக்கும், ஓரம் பிசிறாது. எடிட்டரில் டிஃபரன்ஸ் மோடில் இரண்டையும் வைத்து த்ரெஷோல்டு போட்டாலே மாஸ்க் தயார். ஒரே ஒரு இடத்தில் இது ஏமாற்றும்: திரை மெல்லக் கறுப்பாகும் காட்சிகள். சிப்பின் ஒளி அளவு 15-இலிருந்து 0-க்கு இறங்கும்போது இரண்டு வானங்களும் சேர்ந்து கறுப்பாகிவிடும், வித்தியாசம் மறைந்து மாஸ்க் முழுவதும் நிறைந்துவிடும். அந்தச் சில ஃப்ரேம்களுக்கு முந்தைய மாஸ்க்கை நீட்டிக்கொள்ளுங்கள்.

பல கேம்கள் வானத்தை ஒற்றை நிறமாக விடுவதும் இல்லை. எச்டிஎம்ஏ என்ற வசதியால் ஒவ்வொரு கிடைவரியிலும் நிலையான நிறத்தை மாற்றி, மேலே கருநீலம், கீழே ஆரஞ்சு என்று சாய்நிறம் போடுவார்கள். ஃப்ரேமுக்கு ஒருமுறை நீங்கள் எழுதிய நிறத்தை அடுத்த வரியிலேயே கேம் மாற்றி எழுதிவிடும். அங்கே ஸ்கிரிப்டில் மல்லுக்கட்டுவதைவிட, எல்லா லேயர்களையும் அணைத்து அந்தச் சாய்நிறத்தை மட்டும் ஒரு வீடியோவாக எடுங்கள். பிறகு லேயர் வீடியோவையும் இதையும் ஒப்பிட்டு, வேறுபடும் புள்ளிகளை லேயர் என்று கொள்ளுங்கள். லேயரின் நிறமும் சாய்நிறமும் தற்செயலாக ஒன்றாக இருக்கும் புள்ளிகளில் பொட்டு ஓட்டைகள் விழலாம். அதைக் கையால் அடைத்துவிடலாம்.

கண்ணாடி மாதிரித் தெரியும் நீர், மூடுபனி, பேய், ஒளிக்கற்றை, இவைதான் உண்மையான தலைவலி. இவை எல்லாம் மேலே சொன்ன இரண்டு திரைக் கூட்டல், கழித்தலில் வருபவை. லேயரைத் தனியாக எடுத்தால் அதன் கண்ணாடித்தன்மை வராது, வெறும் நிறம்தான் வரும். அதை எடிட்டரில் நீங்களே திரும்பக் கலக்க வேண்டும். கேம் கூட்டுகிறதென்றால் ஆட் மோடில் வையுங்கள், கழிக்கிறதென்றால் சப்ட்ராக்ட் மோடில். கூட்டிப் பாதியாக்குகிறதென்றால் சாதாரண மோடில் 50 சதவீத ஒபாசிட்டி. எந்தக் கணக்கு என்பதை 2131 ரெஜிஸ்டர் சொல்லும். மெசன் எமுலேட்டரின் டீபக்கரில் அதைப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் எடிட்டரில் லீனியர் லைட்டில் கலக்கும் அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். சிப் கூட்டுவது காமா திருத்தம் எதுவும் செய்யாத 5 பிட் எண்களை. நீங்களும் அப்படியே கூட்டினால்தான் நிறம் ஒத்துப்போகும்.

பாதியாக்கும் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. துணைத் திரையில் அந்தப் புள்ளியில் எந்த லேயரும் இல்லையென்றால் சிப் நிலையான நிறத்தைக் கூட்டும், ஆனால் பாதியாக்காது. இதனால் என்ன ஆகிறதென்றால், நீருக்குப் பின்னால் இருக்கும் பாறை லேயரை நீங்கள் அணைத்தவுடன் நீரின் பிரகாசம் திடீரென்று எகிறும். அணைத்தது பாறையை, மாறியது நீர். எமுலேட்டரில் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். சிப் அப்படித்தான் நடந்துகொள்ளும். பிரகாசமாக வந்ததுதான் நீரின் முழு நிறம், எடிட்டரில் 50 சதவீதம் வைக்க வேண்டியதும் அதைத்தான்.

சேகாவின் மெகா டிரைவ் கன்சோல் பக்கம் போனால் கதை வேறு. அதில் பிளேன் ஏ, பிளேன் பி, விண்டோ, ஸ்ப்ரைட் என்று பிரிவு. பிஸ்ஹாக்கின் ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ் கோர் நான்கையும் தனித்தனியே அணைக்கும். அதோடு, பேக்டிராப்புக்கு நீங்கள் கேட்ட நிறத்தைப் போட்டுத் தரும் அமைப்பும் அதிலேயே உண்டு. இது பெரிய உதவி, ஏனென்றால் மெகா டிரைவில் பேக்டிராப் 64 நிறங்களில் எதுவாகவும் இருக்கலாம். நிறத் தட்டையே மாற்றினால் அதே நிறத்தைப் பயன்படுத்தும் டைல்களும் சேர்ந்து மாறிவிடும்.

1991-இல் வந்த சோனிக்கின் முதல் லெவலான கிரீன் ஹில்லில் மேகம் ஒரு வேகத்தில், மலை ஒரு வேகத்தில், நீர் வரிக்கு வரி வேறு வேகத்தில் நகரும். பார்ப்பவருக்கு அது ஆறேழு லேயர். வன்பொருளில் எல்லாம் பிளேன் பி ஒன்றுதான். ஒவ்வொரு கிடைவரிக்கும் தனி ஸ்க்ரோல் மதிப்பு கொடுக்க முடியும் என்பதால் ஒரே தாளை வரி வரியாக வேறு வேகத்தில் இழுக்கிறார்கள். எந்த எமுலேட்டரும் இதில் மலையையும் மேகத்தையும் தனித்தனியாகத் தராது. பிளேன் பி-யை எடுத்து, எடிட்டரில் கிடைக்கோடுகளாக நறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். இந்த லெவலில் வேகம் மாறும் இடங்கள் நேர்கோடாக இருப்பதால் நறுக்குவது சுலபம். ஸ்கோரும் நேரமும் மோதிர எண்ணிக்கையும் இதில் ஸ்ப்ரைட்டுகள், மரியோவுக்கு நேர்மாறு. எம்2 நிறுவனம் 2013-இல் இதே சோனிக்கை நின்டெண்டோ 3டிஎஸ்ஸுக்கு முப்பரிமாணமாகக் கொண்டுவந்தபோது, எந்தத் துண்டு எவ்வளவு ஆழத்தில் என்று கேமுக்குள்ளேயே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்காகவே மெகா டிரைவை விரித்து கிகா டிரைவ் என்று ஒரு கற்பனைக் கன்சோலை உருவாக்கினார்கள்.

நெஸ், அதாவது சூப்பர் நின்டெண்டோவுக்கு முந்தைய நின்டெண்டோ கன்சோல், இன்னும் எளிது, இன்னும் ஏமாற்று. 90களில் நம் ஊரில் டிவி கேம் என்று கேசட் போட்டு விளையாடிய பெட்டிகள் பெரும்பாலும் இதன் நகல்கள்தான். ஒரே பின்னணி லேயர், 64 ஸ்ப்ரைட்டுகள், ஒரு வரியில் எட்டுக்கு மேல் தெரியாது. பெரிய உருவத்தை ஸ்ப்ரைட்டால் வரைய முடியாததால் அதைப் பின்னணியில் வரைந்துவிடுவார்கள். பஞ்ச்-அவுட்டில் எதிரே நிற்கும் குத்துச்சண்டை வீரர் பின்னணி டைல், குட்டியாக நிற்கும் நம் ஆள்தான் ஸ்ப்ரைட். மெகா மேன் 2-இல் வரும் இயந்திர டிராகனும் அப்படியே. அது வரும்போது பின்னணி கறுப்பாகிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். இதுமாதிரிக் காட்சிகளில் ஸ்ப்ரைட் லேயரில் எதிரியைத் தேடினால் கிடைக்காது.

நெஸ்ஸில் லேயரை அணைக்கும்போது எமுலேட்டரின் பொத்தானை மட்டும் பயன்படுத்துங்கள். 2001 என்ற ரெஜிஸ்டரை சீட் கோடு போட்டு மாற்றி அணைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சூப்பர் மரியோ பிரதர்ஸில் அப்படிச் செய்தால் கேம் உறைந்துவிடும். மேலே ஸ்கோர் நிற்க, கீழே தரை மட்டும் நகர வேண்டும் என்பதற்காக, ஸ்கோர் வரியில் உள்ள காசின் அடிப்பக்கத்தில் முதல் ஸ்ப்ரைட்டை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அது பின்னணிப் புள்ளியின்மேல் மோதியதாகச் சிப் சொல்லும்வரை கேம் காத்திருந்து, பிறகு ஸ்க்ரோலை மாற்றும். பின்னணியை உண்மையிலேயே அணைத்துவிட்டால் மோதல் நடக்காது, காத்திருப்பும் முடியாது. எமுலேட்டரின் பொத்தான் திரைக்கு வரும் படத்தை மட்டும் மறைக்கும். உள்ளே மோதல் வழக்கம்போல நடக்கும்.

கேம் பாய் அட்வான்ஸுக்கு எம்ஜிபிஏ எமுலேட்டர். அதில் நான்கு பின்னணிகளையும் ஸ்ப்ரைட்டையும் அணைக்கலாம், ஒரு ஃப்ரேமை நிறுத்தி ஒவ்வொரு ஸ்ப்ரைட்டாகப் பிரித்துப் பார்க்கவும் முடியும். அதைவிட, வீடியோ நினைவகத்துக்கும் ரெஜிஸ்டர்களுக்கும் போகும் எழுத்துகளை மட்டும் பதிவு செய்யும் டீபக் வீடியோ லாக் என்ற வசதி உண்டு. நியோ ஜியோவில் பின்னணி என்று ஒன்றே கிடையாது. எழுத்துக்கான ஒரு லேயரைத் தவிர, மேடை, கூட்டம், வீரர்கள் எல்லாமே 380 ஸ்ப்ரைட்டுகளில் வரும். ஸ்ப்ரைட்டை அணைத்தால் எல்லாம் போய்விடும், ஸ்ப்ரைட் எண் வரிசையைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். பிளேஸ்டேஷன், நின்டெண்டோ 64 போன்றவை முக்கோணங்களை வரைபவை. இந்தப் பதில் அவற்றுக்குப் பொருந்தாது.

பதிவு வடிவத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 256-க்கு 224 புள்ளி, 60 ஃப்ரேம் என்றால் சுருக்காத வீடியோவே நிமிடத்துக்குச் சுமார் 620 எம்பிதான். எஃப்எஃப்வி1 அல்லது யூட் வீடியோ போன்ற இழப்பற்ற கோடெக்கில் அது வெகுவாகக் குறையும். ஆர்ஜிபியில் எடுங்கள். ஓபிஎஸ்ஸில் திரையைப் பதிவு செய்யாதீர்கள், அதன் இயல்பு அமைப்பு 4:2:0. நான்கு புள்ளிக்கு ஒரு நிறத் தகவல்தான் மிஞ்சும், இவ்வளவு பாடுபட்டு எடுத்த மாஸ்க்கின் ஓரம் கரைந்துபோகும். ஃப்ரேம் தவறினால் லேயர்கள் ஒன்றோடொன்று நழுவியும் விடும். டம்ப் செய்யும்போது சிஆர்டி ஷேடர், வழுவழுப்பாக்கும் ஃபில்டர் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். அழகுபடுத்துவதை எல்லாம் சேர்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பெரிதாக்குவதும் கடைசியில்தான். சூப்பர் நின்டெண்டோ படத்தை அகலத்தில் 7 மடங்கு, உயரத்தில் 6 மடங்கு என்று நியரஸ்ட் நெய்பரில் பெருக்கினால் 1792-க்கு 1344 வரும். சரியாக 4:3, எந்தப் புள்ளியும் பிசகாது. ஃப்ரேம் வேகம் 60 இல்லை, 60.0988. எடிட்டர் தானாக ஃப்ரேம்களைத் தள்ளுவதற்கு இடம் கொடுக்காமல், கிளிப்பை 60 என்று அர்த்தப்படுத்தச் சொல்லிவிட்டு ஒலியை அந்த அளவுக்கு நீட்டுங்கள். 10 நிமிடத்தில் வித்தியாசம் ஒரு வினாடிதான், காதுக்குத் தெரியாது.

எல்லாம் எடுத்த பிறகு ஒரு சோதனை கட்டாயம். எல்லா லேயர்களையும் அவற்றின் வரிசையில், அவற்றின் கலவை மோடில் அடுக்கி, முதலில் எடுத்த முழுப் பட டம்ப்பை மேலே டிஃபரன்ஸ் மோடில் வையுங்கள். திரை முழுக் கறுப்பாக இருந்தால் வேலை சரி. எங்காவது ஒளிர்ந்தால் அங்கே முன்னுரிமை தவறு அல்லது கலவை தவறு. கண்ணாடி இடங்களில் மட்டும் மிக மங்கலான மினுமினுப்பு வரலாம். சிப் பாதியாக்கும்போது 5 பிட்டில் கடைசி பிட்டை உதிர்த்துவிடும், எடிட்டர் உதிர்க்காது. அதை விட்டுவிடுங்கள். ஒளிரும் இடம் ஒரு ஃப்ரேமில் தொடங்கி அதன்பின் எல்லாமே ஒளிர்ந்தால் ஏதோ ஒரு ஓட்டம் தடம் புரண்டிருக்கிறது, அந்த லேயரை மறுபடி ஓட்டுங்கள்.

“எமுலேட்டர் வேண்டாம், என் சொந்தக் கன்சோலிலேயே வேண்டும்” என்பவர்கள் உண்டு. ரோமை மாற்றியோ சீட் கோடு போட்டோ லேயரை அணைத்து, ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜில் ஓட்டலாம். ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்ட, கன்ட்ரோலர் துளையில் விசைகளை ஊட்டும் கருவி வேண்டும். 2014 முதல் கேம்ஸ் டன் குயிக் என்ற ஸ்பீட்ரன் நிகழ்ச்சி மேடைகளில் டாஸ்பாட் என்ற கருவி செய்துகாட்டுவது அதைத்தான். ஆனால் சூப்பர் நின்டெண்டோவில் ஒலிப் பகுதிக்குத் தனி ஆசிலேட்டர் இருக்கிறது. முதன்மைக் கடிகாரமும் அதுவும் ஒன்றோடொன்று பூட்டப்படாதவை. ஒலிச் சிப்பின் பதிலுக்காக கேம் காத்திருக்கும் இடங்களில் ஓட்டத்துக்கு ஓட்டம் ஒரு ஃப்ரேம் முன்பின் ஆகலாம். அந்த ஒரு ஃப்ரேமில் லேயர்கள் பிரிந்துவிடும். மேடையில் காட்டி அசத்துவதற்கு நல்லது, எடிட்டிங்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏற்கெனவே கேப்சர் கார்டில் எடுத்து வைத்திருக்கும் பழைய பதிவுகளுக்கு நேர்வழி இல்லை. ஆட்டம் உங்களுக்கு நினைவிருந்தால் எமுலேட்டரில் மறுபடி விளையாடிவிடுவதே வேகம். அந்தப் பதிவுதான் வேண்டும் என்றால், அதே லெவலின் பின்னணியை எமுலேட்டரில் முழு வரைபடமாக எடுத்து, வீடியோவின் ஸ்க்ரோலோடு ஃப்ரேம் ஃப்ரேமாகப் பொருத்திக் கழிக்கலாம். காம்போசிட் கேபிளில் எடுத்ததென்றால் நிறக் கசிவால் அதுவும் சரியாக வராது. ஸ்கோர் பட்டையை மட்டும் மறைத்தால் போதுமென்றால் மேல் விளிம்பை வெட்டிவிடுங்கள்.

ஒலியை மறக்க வேண்டாம். அதே விசைப் பதிவை ஸ்னெஸ்9எக்ஸில் எடுத்திருந்தால், ஒலிச் சிப்பின் எட்டு சேனல்களையும் தனித்தனியே அணைத்து ஓட்டலாம். பல கேம்கள் சத்தங்களைக் கடைசி ஓரிரு சேனல்களில் போடுகின்றன, ஆனால் இசை ஒலித்துக்கொண்டிருக்கும் சேனலைப் பிடுங்கிக்கொண்டு சத்தம் போடுவதும் உண்டு. ஆகவே குதிக்கும் சத்தத்தை நீக்கினால் பாட்டில் ஒரு சுரம் காணாமல் போயிருக்கும்.